உடன்பயில்வோர் எழுத்தை ஆய்ந்துரைக்கும் முறை

முன்னுரை

மாணவர் ஒருவர் கட்டுரை எழுதுகிறார். அதனை முதன்முதலிற் படிப்பவர் யார் என வினவினால், பெரும்பாலும் மதிப்பெண் இடும் ஆசிரியரே என்பதுதான் விடையாக அமையும். ஆசிரியர் குறித்த மதிப்பெண் கைக்கு வரும்போது கட்டுரை முடிந்துபோன ஒன்றாகிவிடுகிறது. விளங்காத பத்தியை விளங்க எழுதவும், விடுபட்ட செய்தியைச் சேர்க்கவும் அதன்பின் வாய்ப்பில்லை. ஆகவே, திருத்திக்கொள்ளக் காலம் உள்ளபோதே எழுத்தைப் படித்துச் சொல்லும் ஒருவர் எழுதுவோர்க்குத் தேவைப்படுகிறார். அறுபது பேர் பயிலும் வகுப்பில் ஒவ்வொருவருடைய முதற்படியையும் இருமுறை படித்துத் திருத்த ஓர் ஆசிரியரால் இயலாது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் இல்லாமல், குடும்பத்திலேயே முதன்முறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவருக்கோ வீட்டிலும் அத்தகைய படிப்பாளர் இல்லை. அவருக்குக் காலத்தில் கிடைக்கக்கூடிய ஒரே படிப்பாளர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் உடன்மாணவரே. அவ்வுடன்மாணவர் எவ்வாறு படிக்க வேண்டும், எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் உடன்மாணவர்

இம்முறை மேலைநாட்டினின்றும் அண்மையில் வந்த புதுமை என எண்ணுவோர் உளர். தமிழ் இலக்கண மரபை நோக்கின் அவ்வெண்ணம் பொருந்தாமை புலனாகும். கி.பி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் கற்கும் முறையைக் கணக்கிட்டுக் கூறுகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது காற்பங்குப் புலமையே. உடன்பயில்வோருடன் பழகி ஆராய்வதனால் மற்றொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைப்பதனால் நிரம்பும். ஆசிரியர்க்கு அளித்த அதே அளவு பங்கை உடன்மாணவர்க்கும் அந்நூல் அளித்திருப்பது சிந்திக்கத் தக்கது.

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்கத் தகுதியுடையோர் யாவர் என்பதையும் நன்னூல் வரையறுக்கிறது. நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு உடன்கற்றவன், அவனுடைய மாணாக்கன், தகுதிவாய்ந்த உரைகாரன் என நால்வரை அது குறிப்பிடுகிறது. எத்துறை வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால் பிறர் தேவைப்படுகின்றனர். தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரத்தை இயற்றிய பனம்பாரனார், தொல்காப்பியருடன் ஒருங்கு பயின்றவர் என்பது வழிவழியாகக் கூறப்பட்டு வரும் செய்தி. அப்பாயிரத்திலேயே, பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் குற்றமற ஆராய்ந்த பின்னரே நூல் வெளிப்பட்ட செய்தியும் இடம்பெறுகிறது. எழுதியவன் ஒருவன், ஆராய்ந்தவன் மற்றொருவன், அறிமுகம் செய்தவன் உடன்மாணவன் என்னும் இவ்வமைப்பு நம் மொழிக்குப் பழையதே.

குற்றங்களுக்கும் அழகுகளுக்கும் பெயர்கள்

ஆய்ந்துரைக்க முற்படும் மாணவர்க்கு முதலில் நேரும் இடர்ப்பாடு சொற்பஞ்சமே. ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றும். அது யாதென்று சொல்ல வாராது. இவ்விடர்ப்பாட்டைப் போக்கும் கருவியும் நன்னூலிலேயே உள்ளது. நூலில் நேரக்கூடிய பத்துக் குற்றங்களையும், நூலுக்கு இருக்கவேண்டிய பத்து அழகுகளையும் அது பெயரிட்டு வகுத்துள்ளது. சொல்லவேண்டியதைக் குறைத்துவிடுவது குன்றக் கூறல். சொன்னதையே மீண்டும் சொல்வது கூறியது கூறல். முன்சொன்னதற்கு மாறாகப் பின்பு சொல்வது மாறுகொளக் கூறல். எடுத்த பொருளை விட்டு வேறொன்றில் இறங்கிவிடுவது மற்றொன்று விரித்தல். மறுபுறத்தில் சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், தக்க எடுத்துக்காட்டுத் தருதல் முதலியன அழகுகளாகும். குற்றமும் பத்து, அழகும் பத்து எனச் சம எண்ணிக்கையில் அமைத்திருப்பதை ஆய்ந்துரைப்போர் நினைவிற் கொள்ளுதல் நன்று. குற்றத்தை மட்டும் தேடுபவர் பாதிப் பணியையே செய்தவராவார்.

எழுத்தைப் பார், எழுதியவரைப் பாராதே

உடன்மாணவர்களிடையே நட்பும் பகையும் போட்டியும் உண்டு. அவை படிப்பவர் கண்ணை மறைத்துவிடும். பெஞ்சமின் பிராங்க்ளின் தம் தன்வரலாற்றில் இதற்கு ஒரு சுவையான சான்று தருகிறார். 1724ஆம் ஆண்டளவில், 18 வயது இளைஞராக அச்சகத்தில் பணிபுரிந்து பிலடெல்பியா நகரில் வாழ்ந்தபோது, ஆஸ்பர்ன், வாட்சன், ரால்ப் என்னும் மூவருடன் அவர் நட்புப் பூண்டிருந்தார். நால்வரும் வாசிப்பில் விருப்பமுடையவர்கள். சமயப்பாடல் ஒன்றை ஒவ்வொருவரும் தத்தம் நடையில் செய்யுளாக்கி வந்து, ஒருவர்க்கொருவர் குறை நிறை சொல்லித் திருத்திக்கொள்வதென முடிவு செய்தனர்.

ரால்ப் எதை எழுதினாலும் ஆஸ்பர்ன் குறை கூறுவது வழக்கம். எனவே ரால்ப் ஒரு சூழ்ச்சி செய்தார். தாம் எழுதியதைப் பிராங்க்ளினிடம் தந்து, அவர் கையெழுத்திலேயே படியெடுத்து, அவருடையதாகவே படிக்கச் செய்தார். தமக்கு எழுத நேரம் கிட்டவில்லை என்று கூறிவிட்டார். பிராங்க்ளின் படித்ததும் ஆஸ்பர்ன் வெகுவாகப் பாராட்டினார். உண்மை ஆசிரியரான ரால்ப் வேண்டுமென்றே சில குறைகளைச் சுட்டியபோது, அவர் கவிதையில் எப்படியோ திறனாய்விலும் அப்படியே என்று ஆஸ்பர்ன் இடித்துரைத்தார். அடுத்த சந்திப்பில் உண்மை வெளிப்பட்டது. ஆஸ்பர்ன் நண்பர்களின் நகைப்புக்கு ஆளானார்.

ஆஸ்பர்ன் அறிவிலி அல்லர். எழுதியவர் இன்னார் என்று முன்னரே அறிந்திருந்தமையே அவர் தீர்ப்பைத் திரித்தது. ஆகவே வகுப்பில் இம்முறையைத் தொடங்கும்போது, பெயரை மறைத்துக் கட்டுரைகளை மாற்றிக்கொள்ளச் செய்வது நற்பயன் தரும். பிராங்க்ளின் 1727ஆம் ஆண்டு ஜண்டோ என்னும் கழகத்தை நண்பர்களுடன் நிறுவினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் 3 மாதத்திற்கு ஒருமுறை தாமே எழுதிய கட்டுரையைப் படித்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நாளடைவில், முடிந்த முடிபாகப் பேசுவதும் நேருக்கு நேர் மறுத்துரைப்பதும் அங்குத் தடை செய்யப்பட்டன. மீறினோர் சிறு தண்டத்தொகை செலுத்த வேண்டியிருந்தது. வகுப்பறைக்கும் பொருந்தும் விதியன்றோ இது!

தீர்ப்பு வேண்டா, படித்த அனுபவம் வேண்டும்

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. எழுதியவரும் மாணவர், படிப்பவரும் மாணவர்; ஒருவர்க்குத் தெரியாததை மற்றவர் எவ்வாறு திருத்துவார்? குருடர்க்குக் குருடர் வழிகாட்டிய கதையாகாதா எனச் சான்றோர் வினவலாம்.

அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ, ஆசிரியரின்றி எழுதக் கற்றலைப் பற்றி 1973ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்வையத்திற்கு விடை காணலாம். படிப்பவர் நீதிபதியாக அமர வேண்டுவதில்லை. ஒரு பகுதியைப் படித்தபோது தம் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைச் சொன்னாற் போதும் என்பது அவர் கருத்தின் சாரம். எங்கே ஆர்வம் எழுந்தது, எங்கே குழப்பம் நேர்ந்தது, எங்கே மீண்டும் படிக்க வேண்டியிருந்தது என்பனவற்றை எந்த மாணவரும் சொல்ல இயலும். அவர் அறிந்து சொல்வது இலக்கணம் அன்று, தம் அனுபவம். தம் அனுபவத்தைப் பொறுத்தவரை அவரே சான்று. இன்று கணினி எழுத்துப்பிழையைச் சுட்டிவிடுகிறது. ஆயினும், ‘இவ்விடத்தில் எனக்குச் சலிப்புத் தட்டியது’ என்று உண்மையாகச் சொல்ல, உண்மையிலேயே சலிப்படைந்த ஒரு மனிதர் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

பத்தமடைப் பாயைப் பற்றி ஒரு மாணவர் ஐந்து பத்திகளில் கட்டுரை எழுதியதாகக் கொள்வோம். மனிதன் தோன்றிய காலந்தொட்டுக் கைத்தொழில்கள் இருந்து வருகின்றன என்பது முதற்பத்தி. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையின் இருப்பிடமும், எல்லா இல்லங்களிலும் இப்பாய் விரும்பி வாங்கப்படுகிறது என்ற செய்தியும் இரண்டாம் பத்தி. கோரையை அறுத்து, காயவைத்து, நீரில் ஊறவைத்து, நுண்ணிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூற்பாவில் நெய்யும் முறை மூன்றாம் பத்தி. காஞ்சிபுரம் பட்டின் பெருமை நான்காம் பத்தி. நெகிழிப் பாயின் வரவால் இத்தொழில் நலிகிறது. அரசு ஆவன செய்தல் வேண்டும் என்பது ஐந்தாம் பத்தி.

இதனை மூவர் படிக்கின்றனர். முதலாமவர், ‘மிக நன்று, வாழ்த்துகள்’ என்று எழுதித் தருகிறார். எழுதியவர் மகிழ்கிறார், கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. இரண்டாமவர் ஏழு சந்திப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘ஆழமில்லை’ என்று முடிக்கிறார். எழுதியவர் வருந்துகிறார், ஆழத்தை எங்கே தோண்டுவதென்று அவருக்குத் தெரிவதில்லை. மூன்றாமவர் பின்வருமாறு எழுதுகிறார்:

“நண்பா, மூன்றாம் பத்தியை இருமுறை படித்தேன். கோரையைக் கிழிக்கும் இடத்தில் நேரில் பார்ப்பதுபோல் இருந்தது. முதற்பத்தி எந்தக் கைத்தொழிலுக்கும் பொருந்தும் என்பதால் அங்கு என் மனம் பதியவில்லை. எல்லா இல்லங்களிலும் வாங்குகின்றனர் என்று இரண்டாம் பத்தியில் கூறுகிறாய். தொழில் நலிகிறது என்று ஐந்தாம் பத்தியில் கூறுகிறாய். இவற்றுள் எதை நான் கொள்வது? காஞ்சிபுரத்திற்குப் போனபோது பாயை மறந்துவிட்டேன். ஒரு பாயை நெய்து முடிக்க எத்தனை நாளாகும், நெய்பவர்க்கு என்ன கிடைக்கும் என்று அறிய விரும்பினேன். கட்டுரையில் அதைக் காணவில்லை. கோரை கிழிப்பதை இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறாயே, உன் வீட்டில் யாரேனும் நெய்கின்றனரா?”

மூன்றாமவர் எழுதியதை ஆராய்ந்தால், நன்னூல் பெயரிட்ட மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், குன்றக் கூறல் ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருத்தல் விளங்கும். ஆயினும் ஓரிடத்திலும் அவர் பழித்துரைக்கவில்லை. நிறைவான இடத்தை முதலிற் சுட்டினார். ஒவ்வொரு குறையையும் இடம் குறித்துச் சொன்னார். அது தம்மை என்ன செய்தது என்று விளக்கினார். திருத்தத்தை எழுதியவர்க்கே விட்டு, வினாவோடு நின்றார்.

இறுதி வினாவே அனைத்தினும் விலைமதிப்புடையது. தாயோ பாட்டியோ நாள்தோறும் பாய் நெய்யும் வீட்டிலிருந்து வரும் மாணவர், அது கட்டுரைக்கு உரிய பொருளன்று எனக் கருதி, மனிதன் தோன்றிய காலத்திலிருந்து தொடங்குகிறார். தாம் நேரில் அறிந்ததை ஒளித்து, யாரும் எழுதக்கூடியதை எழுதுகிறார். நெசவும் தறியும், கடலும் வலையும், தோற்பதனிடும் தொழிலும் கடைத்தெரு வணிகமும் நம் மாணவர் பலர்க்கு வீட்டறிவாக உள்ளன. அவ்வறிவு எழுத்தில் ஏறாமற் போனால் இழப்பு அம்மாணவர்க்கு மட்டும் அன்று. நம் ஊர்களுக்கும் மொழிக்குமே ஆகும். அதை வெளிக்கொணர ஓர் உடன்மாணவரின் உண்மையான ஆவல் போதுமானதாக இருக்கிறது.

படிப்பவர் கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவதாக, எழுதுகோலைக் கையில் எடுக்காமல் கட்டுரை முழுவதையும் ஒருமுறை படித்தல் வேண்டும். முதல் வரியிலேயே பிழை திருத்தப் புகுவோர் கட்டுரையின் போக்கைக் காணமாட்டார்.

இரண்டாவதாக, கட்டுரை கூறவந்த கருத்தைத் தம் சொற்களில் ஒரு தொடரில் எழுதித் தருதல் வேண்டும். எழுதியவர் எண்ணியதும் இத்தொடரும் வேறுபடின், திருத்தம் எங்கே தேவை என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

மூன்றாவதாக, பெரியதிலிருந்து சிறியதற்கு வருதல் வேண்டும். பொருள், அமைப்பு, தொடர், எழுத்து என்பதே முறை. நீக்கப்படவிருக்கும் பத்தியில் ஒற்றுப்பிழை திருத்துவது, இடிக்கப்போகும் சுவருக்கு வெள்ளையடிப்பதை ஒக்கும்.

நான்காவதாக, இடம் சுட்டாத சொற்களை விலக்குதல் வேண்டும். ‘அருமை’ என்பதும் ‘சரியில்லை’ என்பதும் எழுதியவர்க்கு ஒரே அளவில் பயனற்றவை. எந்தப் பத்தி, எந்தத் தொடர், ஏன் என்பன உடன்வர வேண்டும்.

ஐந்தாவதாக, பிறர் கட்டுரையைத் தாமே எழுதித் தருதல் கூடாது. இம்முறையால் மாணவர் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதும் தீமை வளருமோ என ஆசிரியர் சிலர் அஞ்சுவர். கேட்பதும் சுட்டுவதும் படிப்பவர் பணி, எழுதுகோல் உரியவர் கையிலேயே இருக்கும் என்ற வரையறை காக்கப்படின் அவ்வச்சத்திற்கு இடமில்லை.

பெறுபவர் கடைப்பிடிக்க வேண்டியவை

கருத்துரை கேட்பவர் முதலில் வாய் திறவாது கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘நான் கருதியது அதுவன்று’ என்று விளக்கப் புகுதல் இயல்பே. எனினும், நாளை அக்கட்டுரையைப் படிக்கும் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று விளக்கம் கூற எழுதியவரால் இயலாது. சொல்லப்பட்ட அனைத்தையும் ஏற்க வேண்டும் என்பதுமில்லை. இருவர் ஒரே இடத்தில் தடுமாறினால், அவர்கள் கூறும் மருந்து வெவ்வேறாயினும், நோய் அவ்விடத்தில் இருப்பது உறுதி. மருந்தை எழுதியவரே தேர்ந்துகொள்ளலாம்.

ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட் 1922ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பாழ்நிலம்’ என்னும் நெடுங்கவிதையின் வரலாறு இதனை விளக்கும். அதன் கைப்படியை நண்பர் எஸ்ரா பவுண்டிடம் அவர் அளித்தார். பவுண்டு பக்கம் பக்கமாகக் கோடிட்டு நீக்கியதில் கவிதை ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. நான்காம் பகுதியில் எஞ்சியவை 10 அடிகளே. மனந்தளர்ந்த எலியட் அவற்றையும் நீக்கிவிடலாமா என வினவியபோது, அவை இருந்தே ஆகவேண்டும் என வற்புறுத்தியவரும் பவுண்டே. வெட்டத் தெரிந்தவர்க்குக் காக்கவும் தெரிந்திருந்தது. எலியட்டும் நண்பர் கூறிய அனைத்தையும் ஏற்றாரல்லர். பலவற்றை ஏற்றார், சிலவற்றை விட்டார். பின்னர் அக்கவிதையைப் பவுண்டுக்கே உரிமையாக்கி, தம்மினும் சிறந்த சொல்வினைஞர் என்னும் பொருள்படப் போற்றினார். 1971ஆம் ஆண்டு வெளியான கைப்படிப் பதிப்பில் அத்திருத்தக் குறிப்புகளை இன்றும் காணலாம்.

வகுப்பில் நடைமுறைப்படுத்தல்

இதற்குப் பெரும்பொருட் செலவில்லை. மாணவரை மூவர் மூவராகப் பிரித்து, முதற்படியை ஒப்படைக்கும் நாளுக்கு ஒரு கிழமை முன்னதாக ஒரு பாடவேளையை ஒதுக்கினாற் போதும். ஒருவர் படிக்க மற்ற இருவர் கேட்டுக் குறிப்பெழுதலாம். முதன்முறை ஆசிரியரே ஒரு கட்டுரையைக் கரும்பலகையில் எழுதி, தக்க கருத்துரைக்கும் தகாத கருத்துரைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுதல் இன்றியமையாதது. இல்லையேல் முதல் நாளே நகைப்பொலி எழும். நகைப்புக்கு ஆளான மாணவர் பிறகு உள்ளதை எழுதத் துணியார். கருத்துரைகளையும் கட்டுரையோடு சேர்த்துப் பெற்று, நல்ல கருத்துரைக்கும் சிறிது மதிப்பெண் அளிப்பின், மாணவர் அதனைப் பொறுப்புடன் செய்வர்.

பயன் பெறுவோர் எழுதியவர் மட்டுமல்லர். பிறர் கட்டுரையில் மாறுகொளக் கூறலைக் கண்டவர் தம் கட்டுரையிலும் அதனைத் தேடுவார். பிறர்க்கு விளங்க எடுத்துரைப்பதில் அரைப்பங்குப் புலமை உண்டு என்று நன்னூல் கணக்கிட்டதன் உண்மை அப்போது அனுபவமாகும்.

முடிவுரை

வள்ளுவர் நட்பின் பயனாக இடித்துரைத்தலை வைத்தார். வெறும் புகழுரை நண்பரைத் தனியே விட்டுவிடுகிறது. வெறும் பழியுரை அவரை எழுதவொட்டாமற் செய்கிறது. அக்கறையோடு படித்து, இடம் சுட்டி, காரணம் கூறி, முடிவை அவர்க்கே விடும் கருத்துரையால்தான் எழுத்து வளரும். மாணவமணிகளே! அடுத்த கட்டுரையை எழுதி முடித்ததும் உடனே ஒப்படைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் தந்து, எங்கே நின்றீர்கள் என்று கேளுங்கள். அவர் கட்டுரையை வாங்கி நீங்களும் படியுங்கள். நூலறிவில் உங்களினும் மிக்கார் பலர் இருக்கலாம். அவர் எழுத்தைத் திருத்தக் காலம் உள்ளபோதே படிக்க வாய்த்தவர் நீங்களே.